உள்ளங்கைச் சாவி

சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். இந்த ஆளுக்குக் கோட்டி பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் காருக்கு மாற்றுச் சாவி வேண்டுமென்றால் பிடித்துத்தான் ஆகவேண்டும். பிடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை இருந்ததே கிடையாது. கல்லறைத் தோட்டத்துக் கதவின் துருப்பிடித்த பூட்டை உச்சி வெயிலில் உடைத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சுவரிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு வந்தவன் நான். உச்சி வேளையில் கடற்கரைப் பக்கம் தனியாகப் போகாதே என்பார்கள், நான் அங்கே போய்த் தோணி நிழலில் படுத்துத் தூங்குவேன். பயப்படுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டுமில்லையா, அது அப்போது என்னிடம் இல்லை.

அது யுத்த காலம். கப்பலில் புதுக் கார் வருவது நின்றுபோயிருந்தது. இருக்கிற பழைய காருக்கே யானை விலை, டயருக்காகவே வண்டியைத் திருடித் தள்ளிக்கொண்டு போனார்கள், டிரைவர்கள் எல்லாம் காவலுக்குக் காருக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். குண்டு விழும் என்று பயந்து தூத்துக்குடியில் பாதிச் சனம் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டது. எனக்குப் போக்கிடம் இல்லை. பித்தளை கிடைக்காது, அரம் தேய்ந்தால் புது அரம் கிடைக்காது, தேய்ந்த அரத்தை வைத்து ராவி ராவித் தோள்பட்டை இற்றுப்போய் ராத்திரி கையைத் தூக்கிச் சோறு சாப்பிட முடியாது. அந்தக் காலத்தை நினைத்தாலே இப்போதும் எனக்கு அலுப்பாக வருகிறது.

கார் திருட்டு அதிகமானதும் ஸ்டேஷன் ஏட்டையா என் கடைக்கு வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். "சோப்புல சாவிய அமுக்கிக்கிட்டு எவனாவது வந்தான்னா போட்டுக் குடுக்காதேயும் வே. வண்டி உம்ம கடை வாசல்ல நிக்கணும், வண்டிக்காரன் பக்கத்துல நிக்கணும். இல்லன்னா உம்மத்தான் மொதல்ல உள்ள வைப்பேன்."

நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். உப்பு முதலாளி ஒருவருடைய கார் மாற்றுச் சாவிக்காக வந்தபோதும் முறை தவறவில்லை. முதலாளியின் மைத்துனர் காரிலேயே வந்தார், முதலாளியும் பின்சீட்டில் இருந்தார், வண்டியை ஓட்டிவந்த செல்லையா பக்கத்தில் நின்றான். ஒரே சாவியை நம்பி இந்தக் காலத்தில் எப்படி இருப்பது, அவசரத்துக்கு நான் ஒன்று வைத்துக்கொள்கிறேன் என்றார் மைத்துனர். முதலாளியும் தலையை ஆட்டினார்.

செல்லையா உடன்குடிப் பக்கத்து ஆள். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை விட்டு இறங்கினால் சாவியைச் சட்டைப் பையில் போடமாட்டான், வலது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வான். காப்பி குடித்தாலும் இடது கைதான். அன்றைக்குக் கையை விரித்து அந்தச் சாவியை என்னிடம் தருவதற்கே அவனுக்கு மனமில்லை.

"இதுவரைக்கும் வண்டி எங்கன போனாலும் நாந்தான் பொறுப்பு அண்ணாச்சி," என்றான் மெதுவாக. "இனிமே பொறுப்பு மட்டும் எனக்கு, சாவி ரெண்டு பேருக்கு."

நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அவன் சாவியின் முனையில் ஒரு மூலை உடைந்திருந்தது. புதுச் சாவியில் அந்த மூலையை முழுசாக வைத்துத்தான் ராவினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கார் காணாமல் போனது. செல்லையாவையும் காணோம். அப்புறம் கேட்கவேண்டுமா, டிரைவர் காரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மைத்துனர் தன்னிடமிருந்த சாவியை ஸ்டேஷனில் எடுத்துக் காட்டிவிட்டார். என் சாவி இதோ இருக்கிறது, வண்டி போனது அவன் சாவியில்தான் என்றார். பேச்சு முடிந்தது.

செல்லையாவின் மனைவி பாக்கியம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவளைத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள், புருஷன் எங்கே என்று கேட்டுக் கேட்டு வெயில் சாய்ந்த பிறகு அனுப்பினார்கள். முதலாளி கொடுத்திருந்த குடிசையையும் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. அவள் என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, அவுக களவாணியா? நீங்க பாத்திருக்கீகல்லா, ஒரு வார்த்த போயிச் சொல்லுங்க," என்று நின்றாள். போய்ச் சொன்னேன். ஏட்டையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவனுக்கு ரொம்பத்தான் பரிஞ்சு பேசுதீரு. மூணாவது சாவி ஒண்ணு போட்டுக் குடுத்தீரோ? ரோசிச்சு வையும், கூப்பிட்டு விடுதேன்."

உதவி செய்யப் போய் என் தலைக்கே வந்துவிட்டது. அன்றைக்கெல்லாம் எனக்குச் செல்லையாவின் மேல்தான் கோபம்.

இதற்கு மேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். மறுநாள் நல்ல உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் ஒரு பெட்டிப் பூட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஸ்டூலில் செல்லையா இருக்கிறான். அதே காக்கிச் சட்டை. களைத்துப்போன முகம், என் முகத்தைவிடக் களைத்த முகம். எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏலே, எங்கல போய்த் தொலைஞ்ச? உம் பொண்டாட்டிய அங்கன ஏட்டையா வெயில்ல காய வைக்காரு, நீ பாட்டுக்கு வந்து குத்தவச்சிருக்க!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன், ஆள் உயிரோடு கிடைத்துவிட்டானே.

"ஒரு சாவி போடணும் அண்ணாச்சி," என்றான்.

"உன் சாவி எங்க?"

"கையிலதான் இருக்கு."

வலது கையை என் முன்னால் நீட்டி விரித்தான். உள்ளங்கை காலி. ஆனால் சாவியின் தடம் இருந்தது. நீங்கள் இப்போது இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களே, அது மாதிரி ரொம்ப நேரம் பிடித்தால் பள்ளம் விழுமே, அந்தத் தடம். பல் பல்லாக, உடைந்த மூலைகூடத் தெரிகிற மாதிரி. சாவியைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான், தடம் மறைவதற்குள் அச்சு எடுக்கச் சொல்கிறான் என்றுதான் அந்த நேரத்தில் எனக்குப் புத்தி போனது. தொழில் புத்தி. ஏட்டையா சொன்னதும் ஞாபகம் வந்தது, வண்டியும் முதலாளியும் இல்லாமல் போடமாட்டேன் என்று சொல்லவேண்டும். அதற்கும் அலுப்பு. சரி, அச்சை மட்டும் எடுத்து வைப்போம், ஏட்டையாவிடம் காட்ட உதவும் என்று தேன்மெழுகை எடுத்துப் பிசைந்தேன். மெழுகு இளகக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவன் நீட்டிய கையை மடக்கவே இல்லை. பிறகு மெழுகை உள்ளங்கையில் வைத்து அழுத்தி எடுத்தேன். சாவி அப்படியே எழும்பி வந்தது.

"வீட்டுல சொல்லிருங்க அண்ணாச்சி. சாவிய நான் யாருக்கும் குடுக்கல."

தண்ணீர் மொண்டு தரலாம் என்று பானைப் பக்கம் திரும்பினேன். திரும்பி வந்தால் ஸ்டூல் காலி. வாசலுக்கு ஓடினேன், இரண்டு பக்கமும் நேரான தெரு, வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. எதிர்க் காப்பிக் கடைக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரைப் போட்டு அந்தச் சத்தம் போடுதீரு, கடைல ஆளே இல்லியே?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. அவர் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கடையைச் சாத்திவிட்டு நேரே ஸ்டேஷன் வேப்பமரத்தடிக்குப் போனேன். பாக்கியத்தை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, உன் புருஷன் வந்தான், நல்லாத்தான் இருக்கிறான் என்று சொல்லி மெழுகைக் கையில் கொடுத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். அவள் மெழுகைத் திருப்பிப் பார்த்தாள். சாவிக்குக் குறுக்கே கைரேகையும் ஒரு தழும்பும் விழுந்திருந்தது. அது காரின் முன்னால் செருகிச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் அவன் கையில் திருப்பி அடித்த தழும்பு, அவள் மஞ்சள் அரைத்துப் போட்ட தழும்பு. அவள் கண் அதிலேயே நின்றது.

"இதுக்கு எம்புட்டு நேரம் எடுத்துச்சு அண்ணாச்சி?"

மெழுகு பிசைகிற நேரம் ஆனது, அவனும் கையை விரித்தபடி இருந்தான் என்றேன். அவள் இடுப்பிலிருந்த டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பிடித்தாள். பிறகு கையை விரித்து என் முன்னால் நீட்டினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆழமாக இருந்த தடம் மெல்ல மெல்ல மேலே வந்தது, ஓரம் மழுங்கியது, சிவப்புக் கோடாக நின்றது, பிறகு அதுவும் போய் வெறும் கை ஆனது.

"உசுரு உள்ள கையில தடம் நிக்காது அண்ணாச்சி," என்றாள் பாக்கியம்.

அப்போதுதான் எனக்கு முதுகில் வியர்த்தது. அவள் அழவில்லை. மெழுகை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தினமும் உப்புத் தண்ணீரில் நிற்கிறவள் இல்லையா, எந்த உப்பு என்று ருசியிலேயே தெரியும், "இது கடல் தண்ணி இல்ல, அளத்துக் கெணத்துத் தண்ணி," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஸ்டேஷனுக்குள் போனாள்.

முதலாளியின் உப்பளத்தில் தண்ணீர் இறைக்காமல் விட்ட பழைய கிணறு ஒன்று உண்டு. ஏட்டையா முதலில் வரமாட்டேன் என்றார். நானே எறங்குதேன், நீங்க நின்னு பாருங்க என்று அவள் கிளம்பிய பிறகு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மாட்டி வந்தது செல்லையாவின் உடம்பு. இடுப்பில் கல் கட்டியிருந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்ததால் முகம் அடையாளம் தெரிந்தது. கார் போன அன்றைக்கே செத்திருக்கிறான் என்றார் வந்து பார்த்த டாக்டர். என் கடைக்கு வந்தானே என்று நான் சொல்லவில்லை, யாரிடம் சொல்வது?

வலது கை மூடியிருந்தது. இரண்டு பேர் முயற்சி செய்தும் பிரிக்க முடியவில்லை. பாக்கியம் உட்கார்ந்து, "விடுங்க, நாந்தான் வந்திருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளே முனை உடைந்த சாவி. ஏட்டையா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் சாவி அவன் கையிலேயே இருந்தால் வண்டி போனது இன்னொரு சாவியில்தான், அது மைத்துனர் ஸ்டேஷனில் எடுத்துக் காட்டிய சாவி. கார் பிறகு குலசேகரன்பட்டினம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் பனையோலை மூடிக் கிடந்தது, டயர்கள் இல்லை. மைத்துனர் அதற்குள் தோணியேறிக் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். பிடித்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் எனக்குத் தெம்பில்லை. ஊர் செல்லையாவைக் களவாணி என்று சொல்வதை நிறுத்தியது. பாக்கியத்துக்கு அது போதும். மெழுகை அவளே வைத்துக்கொண்டாள்.

இவ்வளவையும் வெயில், பசி, அலுப்பு, கண்ட கனவு என்று நானே எனக்குச் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் ஏட்டையா அந்தச் சாவியை அடையாளம் சொல்வதற்காக என் கையில் கொடுத்தார். அத்தனை நாள் உப்புத் தண்ணீரில், செத்தவனின் மூடிய கைக்குள் இருந்த சாவி. அதன் பல் இடுக்குகளில் தேன்மெழுகு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இன்னும் இளகியிருந்தது, நான் பிசைந்த மெழுகுதான், என் கடை வாசனை. வேட்டியில் துடைத்துவிட்டு, ஆமாம் அவன் சாவிதான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்குவரை யாரிடமும் சொல்லாத விஷயம் இது.

அதிலிருந்து மாற்றுச் சாவி கேட்டு யார் வந்தாலும், காரைப் பார்ப்பேன், பேர் ஊர் கேட்பேன், கடைசியில் கையைப் பார்ப்பேன். சரி, போதும், விரியுங்கள். நல்ல ஆழமாகத்தான் விழுந்திருக்கிறது. கையை மடக்காதீர்கள், அப்படியே வெளிச்சத்தில் காட்டுங்கள். கொஞ்சம் பொறுங்கள், அது மறையட்டும். மறைந்த பிறகுதான் நான் அரத்தை எடுப்பேன்.