கம்பளியைக் கழற்றிவிட்டு உள்ளே வா

எங்கள் மலையூர் நாரினில் கார் வைத்திருக்கிற எவனும் எசென்குலிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருப்பான். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கன்டெய்னரைப் பட்டறையாக்கி, இருபத்திரண்டு வருடமாகக் கார்களின் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கேட்டில் வெள்ளைப் பெயின்டில் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: ‘கம்பளியைக் கழற்றிவிட்டு உள்ளே வா.’

எங்கள் ஊர் குளிருக்கு எஞ்சினும் போர்த்திக்கொள்ள வேண்டும். ஆட்டு ரோமத்தை அடித்துச் செய்த தடித்த கம்பளியை பானட்டுக்கு அடியில் போட்டு மூடாவிட்டால் காலையில் வண்டி முனகக்கூட முனகாது. அந்தக் கம்பளியைக் கண்டால் எசென்குலுக்கு ஆகாது. உதிர்கிற ரோமம் ஒயர்களை இணைக்கும் கனெக்டருக்குள் போய்விடுகிறதாம். ஒரு தடவை ஒருவனுடைய கம்பளி தீப்பற்றி இவருடைய இடது புருவம் கருகியது, அது இன்றுவரை சரியாக முளைக்கவில்லை. அதிலிருந்துதான் இந்தச் சட்டம். மீறி உள்ளே வந்தவனை, கம்பளியோடு சேர்த்து வெளியே அனுப்பினார். அனுப்பினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

இன்னொரு சட்டமும் உண்டு. கோளாறு தன் கண் முன்னால் வந்தாக வேண்டும். “வண்டி என் முன்னாடி செத்தாத்தான் நான் பிழைக்க வைக்க முடியும்” என்பார்.

குபாந்திக்கின் வண்டி அவர் முன்னால் சாகவே இல்லை.

குபாந்திக் ஏழு சீட்டு வண்டியில் தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றுகிறவன். அவன் மனைவி புருல்ச்சாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் செய்ய பிஷ்கெக் போக வேண்டும், போகிற வழியில் தோலோன் கணவாய் ஏறி இறங்க வேண்டும். திரும்பி வரும்போது அவளால் உட்கார முடியாது. நடுச் சீட்டு முழுதும் படுத்துத்தான் வருவாள். அதனால் மற்ற வண்டிக்காரர்கள் ஏற்றத் தயங்கினார்கள். புருஷன் வண்டி ஓடினால் அவள் உயிர் ஓடும், கணக்கு அவ்வளவுதான்.

அந்த வண்டி நவம்பரிலிருந்து நடுவழியில் நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் அணையும். பானட்டைத் திறந்து, இங்கே தட்டி அங்கே பார்த்து, மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். எஞ்சின் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் ஒன்று உண்டு. அதன் சேதி அரை விநாடி தடைப்பட்டாலும் எஞ்சின் அணைந்துவிடும். பழுது அந்தச் சென்சாரின் ஒயர் போகிற வழியில்தான் என்று கம்ப்யூட்டர் காட்டிய பிழை எண் சொன்னது. வழியில் எந்த இடம் என்று சொல்லவில்லை.

எசென்குல் சென்சாரை மாற்றினார். பத்து நாளில் வண்டி திரும்ப நின்றது. இன்னொன்று மாற்றினார். ஒயர் முழுவதையும் மீட்டர் வைத்து அளந்தார், இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். மனைவியின் ஹேர் டிரையரால் சூடாக்கினார், பனிக்கட்டி வைத்துக் குளிரவைத்தார், தண்ணீர் தெளித்தார். எஞ்சின் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, டாக்டரப் பாத்ததும் நோயாளி எந்திரிச்சு ஆடுறானாமே?” என்றான் பக்கத்து டயர் கடை சகின்.

“உன் வாயில ஒரு பஞ்சர் போடணும்டா” என்றார் எசென்குல். சிரிப்பு வரவில்லை.

ஒரு காளையை விற்று, சென்சாரின் சேதியைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு அவர்களோடு தோலோன் உச்சிவரை போனார். ஸ்கோப்பின் ஒயர்கள் பானட் வழியே வெளியே வர வேண்டும், ஆகவே அன்றும் கம்பளி போடவில்லை. கோடு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. வண்டி நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எந்தக் கிறுக்கனாவது அப்படி வேண்டுவானா?

வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் குபாந்திக் கேட்டிலேயே கம்பளியைக் கழற்றிப் புருல்ச்சாவிடம் கொடுப்பான். அவள் பட்டறை அடுப்போரம் அதை மடியில் விரித்து உட்கார்ந்திருப்பாள். அவளே தைத்தது. நோயில் விழுவதற்கு முன், மலையில் வண்டி குளிர்ந்து நின்றுவிடக் கூடாது என்று இரண்டு மடங்கு கனமாக வைத்து, ஓரத்தில் சிவப்பு நூலில் ஆட்டுக்கொம்புக் கோலமும் போட்டிருந்தாள்.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. சரியாகுமா?” என்று ஜனவரியில் ஒரு நாள் கேட்டாள்.

எசென்குல் அவள் வீங்கிய கால்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“என்னண்ணே முழிக்கிறீங்க? நான் வண்டியக் கேட்டேன். என் கதைய டாக்டரே சொல்லிட்டாரு.”

“ஆகும் தங்கச்சி. கண்டுபிடிச்சிருவேன்.”

மூன்றாவது சென்சார் போட்டார். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தோலோன் ஏற்றத்தில் வண்டி ஐந்து தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் குபாந்திக் இறங்கி, கம்பளியைத் தூக்கிப் பார்த்து, கிளப்பி, குளிருக்குப் பயந்து கம்பளியை மறுபடி போர்த்தி மூடினான். ஆறாவது தடவை நிற்பதற்குள் பனிப்புயல் வந்ததால் மேலே பாதையை அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்தார்கள். வெள்ளிக்கிழமையும் கணவாய் திறக்கவில்லை. ஞாயிறு காலை, டீயைக் கையில் வாங்கியவள் குடிக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது.

எசென்குல் அடக்கத்துக்குப் போய் அழுதார். ஒன்பதாம் நாள், யாரும் கூப்பிடாமலே போய் நாலாவது சென்சாரை மாட்டிவிட்டு வந்தார். அது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும்.

நாற்பதாம் நாள் சோற்றுக்கு ஊரே வந்திருந்தது. இறந்தவளின் பொருள்களை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டார்கள். குபாந்திக்கின் அக்கா எசென்குல் கையில் அந்தக் கம்பளியை வைத்தாள். “வழக்கப்படி அவ கைவேலைய எல்லாம் அவ போன அன்னிக்கே எடுத்து வீட்டுச் சுவத்துல மாட்டினோம்ல, வண்டியிலேருந்து கழட்டின இதுவும் அதுல ஒண்ணு. உங்க அடுப்போரம்தான் இத மடியில போட்டு உக்காந்திருப்பா. நீங்களே வச்சுக்குங்க.”

அதைத் தடவிக்கொண்டே முற்றத்துக்கு வந்தவர், அடிப்பக்கத்தைத் திருப்பியதும் நின்றுவிட்டார். கரிப்பிசுக்கில் ஒரு அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. விரல் நுனி அகலம், நடுவில் பூட்டு நாக்கு. சென்சார் கனெக்டரின் முகம். நான்கு மாதமாக அதைக் கழற்றி மாட்டியவருக்கு வேறு எதுவென்று தோன்றும்?

முற்றத்தில் நின்ற வண்டியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கம்பளியைப் போர்த்தி பானட்டை மூடி எஞ்சினைக் கிளப்பினார். இறங்கிப் போய் பம்பரில் முழங்காலை வைத்து ஓங்கி அழுத்தினார். ஒரு குலுக்கல், இரண்டு. மூன்றாவதில் எஞ்சின் அணைந்தது.

கடைசியில் அது அவர் முன்னால் செத்தது. பானட்டைத் திறந்து கம்பளியை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார், கிளம்பியது. கனமான கம்பளி மேலிருந்து அழுத்த, கனெக்டருக்குள் தளர்ந்த பித்தளை நாக்கு ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. அவர் இழுத்தார், முறுக்கினார், ஒரு நாளாவது மேலிருந்து அழுத்திப் பார்த்தாரா? அழுத்துகிற பொருளைத் தன் கேட்டிலேயே கழற்ற வைத்துவிட்டு, அதன் முன்னாலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் சத்தம் கேட்டு குபாந்திக் வெளியே வந்தான். நாற்பது நாளில் பத்து வயது ஏறியிருந்தான்.

“என்னண்ணே பாக்கறீங்க?”

“சும்மாதான்.”

“அது இப்ப நிக்கிறதே இல்லண்ணே. நீங்க கடைசியா போட்டதுக்கப்புறம் ஒரு தடவகூட நிக்கல.” அவன் வண்டியின் கதவில் கையை வைத்தான். “அந்தக் கடைசி சென்சார ஒரு ரெண்டு வாரம் முன்னாடி போட்டிருக்கக் கூடாதாண்ணே? அவ இருந்திருப்பாளே.”

எசென்குல் வாயைத் திறந்தார். சென்சாரில் ஒன்றுமில்லை என்று சொன்னால் அடுத்து கம்பளியைச் சொல்ல வேண்டும். கம்பளியைச் சொன்னால், அதைத் தைத்த கையைச் சொன்னதாகிவிடும்.

“போட்டிருக்கணும் தம்பி” என்றார். “என் தப்புதான்.”

குபாந்திக் மறுக்கவில்லை. எசென்குல் கையிலிருந்த கம்பளியின் சிவப்பு ஓரத்தைத் தொட்டான். “கொடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாதுதான். ஆனா குளிர்காலம் வந்தா அத மட்டும் திருப்பிக் குடுங்கண்ணே. அவ கையால வண்டிக்குத் தச்சது. அது வண்டி மேலயே இருக்கட்டும்.”

“நாளைக்கு வண்டியப் பட்டறைக்குக் கொண்டு வா. ஒரு கனெக்டர் மாத்தணும்” என்றார் எசென்குல்.

“இனிமே எதுக்கு?” என்று கேட்டுவிட்டு அவன் உள்ளே போனான். மறுநாள் அவன் வரவில்லை.