லைனை நிறுத்திய கோமதி

“கோமதி மேடம் போயிட்டாங்க” என்று எங்கள் ஆலை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது, வேலையை விட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலிடத்தோடு அவர் மோதாத வாரம் அபூர்வம். அடுத்து ஒரு புகைப்படம் வந்தது. நீலசந்திராவில் அவர் வீட்டு வாசல், ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். காலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அத்திபெலே பக்கத்தில் குழந்தைகளுக்கான சத்துமாவு ஆலையில் அவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. நான் எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். ஒட்டி மூடிய பாக்கெட்டுகள் பெல்ட்டில் வரும். பிரிக்காமலே இயந்திரம் உள்ளே படமெடுக்கும். கல்லோ கம்பியோ தெரிந்தால் அந்தப் பாக்கெட்டை வெளியே தள்ளிவிடும். “இதைத் தாண்டினா அடுத்தது குழந்தையோட வாய்தான் குமார்” என்பார் கோமதி.

ஒருநாள் மதியம், தள்ளப்பட்ட ஒரு பாக்கெட்டின் படத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பிரித்துச் சலித்தோம். மெல்லிய கம்பித் துண்டு. கோமதி உடனே உற்பத்தி லைனை நிறுத்தினார். மாவு சலிக்கும் சல்லடையைக் கழற்றிப் பார்த்தால், ஓரத்தில் கிழிந்திருந்தது. கிடைத்த துண்டைக் கிழிசலில் வைத்துப் பார்த்தோம். பாதிதான் மூடியது. இன்னொரு துண்டு எங்கேயோ இருந்தது.

காலையில் சோதித்தபோது சல்லடை நன்றாக இருந்தது. அப்படியானால் அன்று அடைத்த பாக்கெட்டுகளில் ஏதோ ஒன்றில் அது இருக்க வேண்டும். அவற்றில் ஒரு பகுதி லாரியில் ஏறிக் கிளம்பிவிட்டது.

ஆலை மேலாளர் மஞ்சுநாத் ஓடிவந்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

“ஏனு மேடம் இது? எல்லாம் மிஷின் பாஸ் பண்ணின மால்தானே? அந்த பீஸ் கீழ விழுந்திருக்கும்.”

“விழுந்திருக்கலாம் சார். எடுத்துக் காட்டுங்க, லைனை ஓட்டுறேன்.”

காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை. கோமதி லாரி டிரைவரைப் போனில் கூப்பிட்டார்.

“மேடம், ஓசூரே தாண்டிட்டேன். இனிமே எப்படித் திரும்புறது?”

“திரும்புங்க முருகேசன். வேற யாரு போன் பண்ணிப் போகச் சொன்னாலும் போகாதீங்க.”

மஞ்சுநாத் முகம் இறுகிவிட்டது. “ஒண்ணும் கிடைக்கலைன்னா ஹெட் ஆபீஸுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

ஆலையில் இருந்த பாக்கெட்டுகளை மறுபடி பெல்ட்டில் விட்டோம். எதுவும் சிக்கவில்லை. லாரி திரும்பி வந்தது. அதிலிருந்த பெட்டிகளையும் பிரித்து ஓட்டினோம். அதிலும் இல்லை. பெல்ட் ஓடும் சத்தம் மட்டும்தான். மஞ்சுநாத் கைகட்டிக்கொண்டு கோமதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி என்னிடம் வந்தார். “குமார், இந்த மிஷின் எந்த இடத்தைப் பாக்காது?”

“ஒட்டின ஓரத்தை மேடம். மடிப்புல படம் எப்பவும் கறுப்பா விழும். கம்பி இருந்தாலும் அதோட சேர்ந்து மறைஞ்சிடும்.”

“அப்ப உள்ள இருக்கிறதை நகர்த்திடுவோம்.”

ஒவ்வொரு பாக்கெட்டையும் தலைகீழாக்கிக் குலுக்கி மறுபடி வைக்கச் சொன்னார். பேக்கிங் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர் தானே குலுக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சுநாத்தும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

லாரியில் வந்த பெட்டிகளில் பாதி முடிந்திருக்கும். இயந்திரம் கத்தியது. திரையில், மாவுக்கு நடுவில், தெளிவாக ஒரு கோடு. அந்தப் பாக்கெட்டை மஞ்சுநாத்தே பிரித்துச் சலித்தார். துண்டைக் கிழிசலில் வைத்தார். மிச்ச இடம் சரியாக மூடியது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துக் கோமதிக்குப் போட்டார்.

பெண்கள் கைதட்டினார்கள். கேன்டீனிலிருந்து டீ வந்தது. கோமதியால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான் வாங்கி மேசைமேல் வைத்தேன்.

“எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு குமார்,” என்றார் மெதுவாக. “லாரியத் திருப்பச் சொன்னதிலேர்ந்தே இப்படித்தான். குலுக்க ஆரம்பிக்கிற வரைக்கும் கோட்டுப் பைக்குள்ள கையை மறைச்சு வெச்சிருந்தேன்.”

அவர் துணிச்சல்காரி என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அன்று மதியம் முழுக்க அவர் பயந்துகொண்டே இருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான்.

போன வாரம் படத்தில் ஒரு புள்ளி சந்தேகமாகத் தெரிந்தது. கோமதியின் இடத்தில் இன்னும் யாரும் வரவில்லை. கேட்க ஆளில்லை. என் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, அதே கையால் லைனை நிறுத்தினேன்.