மொட்டைக் கிட்டாரும் அரிப்பு வெயிலும்

மன்னார்க் கீரியில கடலுக்குக் கிட்ட வீடிருந்தா மரத்தில செய்த பேஸ் கிட்டார் வச்சிருக்கக் கூடாது. இதை எனக்கு ஒருத்தரும் முதலே சொல்லேல்ல. உப்புக்காத்துப் பட்டுப் பட்டு என்ர பழைய கிட்டாரின்ர கழுத்து வளைஞ்சு, கம்பி பலகையை விட்டு எழும்பி நிண்டது. ஒரு பாட்டு முடிய விரல் நுனி எரியும். மாதா கோயிலில பூசை தொடங்கேக்க இருந்த சுருதி முடியேக்க இருக்காது.

என்ர மனுசன் என்ர புலம்பல் தாங்கேலாமல் கொழும்பில ஒரு பாண்ட்காரரிட்ட இருந்து தலையில்லாத பேஸ் ஒண்டு வாங்கி வந்தார். கழுத்தில மரமே இல்லை, கிராஃபைட். சுருதி சேர்க்கிற முறுக்காணி எல்லாம் கீழ, உடம்பின்ர அடியில. வாற வழியில முருங்கனில பஸ் ஏறின ஒருத்தர் பையைப் பார்த்து "கிரிக்கெட் பற்றோ?" எண்டு கேட்டாராம். விளங்கப்படுத்த அலுப்பில இவரும் "ஓம்" எண்டிட்டார்.

எங்கட கோயில் பாடற்குழுவில வாத்தியம் வாசிக்கிறது நாலு பேர். அதில பொம்பிளை நான் மட்டும்தான். ட்ரம்ஸ் அடிக்கிறது என்ர மனுசன்ர தம்பி. "மச்சாள், எந்தக் கோயில் நேர்த்திக்கு இதுக்கு மொட்டை அடிச்சனியள்?" எண்டு தொடங்கினார். அண்டு தொட்டு அதுக்கு மொட்டை எண்டே பேர். சரி, பகிடி.

லீட் கிட்டார் வாசிக்கிற அண்ணை பகிடி விடேல்ல. குழுவை நடத்துறதும் அவர்தான். "தங்கச்சி, இது பிளாஸ்டிக் சத்தம். மரத்தின்ர சூடு வராது" எண்டார். பிறகு, "இதுக்குப் போடுற, ரெண்டு பக்கமும் குண்டு வச்ச கம்பி மன்னாரில எந்தக் கடையில எடுப்பியள்?" எண்டார். கம்பி விசயம் உண்மைதான். அதுக்காகவே ரெண்டு செட் அலுமாரியில பூட்டி வச்சிருக்கிறன். ஆனா பிளாஸ்டிக் எண்டது எனக்குச் சுள்ளெண்டு ஏறினது. ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு தெளிவாக் கேக்குது! காது இருக்கிறவைக்குத்தானே அது.

பழக்கம்தான் என்னைக் கவுத்தது. ஒரு ஞாயிறு பூசையில, பாட்டின்ர நடுவில ஒரு கம்பி இறங்கின மாதிரி இருந்தது. என்ர இடக்கை தன்பாட்டில மேல போய், இல்லாத தலையில இல்லாத முறுக்காணியைத் தேடினது. கையில காத்துத்தான் அம்பிட்டது. அதுக்குள்ள பாட்டு என்னை விட்டிட்டுப் போட்டுது. பூசை முடிய அண்ணை சொன்னார்: "வாற கிழமை அரிப்பு ஊர்த் திருவிழாவில பார்ப்பம். அங்கயும் பிசகினா நீங்கள் பாடுறவையோட நில்லுங்கோ. பேஸுக்கு வேற ஆள் பார்த்து வச்சிருக்கிறன்."

பதினொரு வருசம் வாசிச்ச என்னை! அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்ல. சமைச்சுக்கொண்டு நிண்டாலும் இடக்கையைக் கீழ, கீழ எண்டு பழக்கினன்.

அரிப்பில மேடை கடற்கரை மணலில. மாதாவின்ர சுருவம் ஊரைச் சுற்றி வந்து முடியிற வரைக்கும் வாத்தியங்கள் எல்லாம் பின்னேர வெயிலில கிடந்தது. மேடையில ஏறி மொட்டையைத் தொட்டா கறுப்புக் கழுத்து சுடுது. நாலு கம்பியையும் தட்டிப் பார்த்தன். ஒண்டோடொண்டு அப்பிடியே சேர்ந்து நிண்டது. அப்பாடா!

பக்கத்தில அண்ணையின்ர மரக் கிட்டார் வெயிலில சுருதி விட்டுப் புளிச்சுப் போய்க் கிடந்தது. ஒரு கம்பியை ஏத்தினா மற்றது இறங்குது. சுருதி பார்க்கிற கருவியில பற்றரி செத்திட்டுது. போனில பார்க்கக் கடல்காத்து விடேல்ல. பூசை வைக்கிற பங்குச் சுவாமியும் முன்வரிசையில வந்து இருந்திட்டார். அண்ணை முகத்தைத் துடைச்சுப்போட்டு என்ர பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்கட ஏ கம்பியை ஒருக்கா அடியுங்கோ."

கேக்க வாயில எவ்வளவோ வந்தது. விழுங்கிப்போட்டு அடிச்சன். அவர் அதைக் கேட்டு முறுக்கினார். அவருக்குப் பின்னால மற்றக் கிட்டார்காரரும் முறுக்கினார். ஏழு பாட்டு வாசிச்சம். என்ர கை ஒருக்காலும் மேல போகேல்ல.

இறங்கி வரேக்க மனசுக்குள்ள வச்சிருக்கேலாமல் கேட்டிட்டன். "அப்ப அந்த வேற ஆள் எப்ப வாறார் அண்ணை?"

அவர் வயரைச் சுத்திக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "வேற ஆள் ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி. சும்மா வெருட்டினனான்."

எனக்கு அந்த மனிசனை அடிக்க வேணும் போலயும் இருந்தது, கட்டிப்பிடிச்சு அழ வேணும் போலயும் இருந்தது. ரெண்டும் செய்யேல்ல. மொட்டையை மடியில வச்சுக்கொண்டு மணலில குந்தினன். ஒரு கிழமையாப் பிடிச்சு வச்சிருந்த மூச்சை விட்டன்.