ராய்ஸ் வைனியின் பதினாறு புள்ளி ஒன்பது கிலோ

டெர்பி என்ற சின்ன மலையூரில் யாருக்காவது பேட்டரி வைத்த மலை சைக்கிள் வாங்கும் ஆசை வந்தால், கடைக்குப் போவதற்கு முன் ராய்ஸ் வைனியின் கொட்டகைக்குப் போவார்கள். கடை வைத்திருக்கும் பெட்ராவே சில பேரை அங்கே திருப்பி அனுப்புவதுண்டு. "முதல்ல ராய்ஸ்கிட்ட மருந்துச் சீட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா நான் வித்ததெல்லாம் தப்புன்னு அப்புறம் ஊர் முழுக்கச் சொல்லுவாரு" என்பார்.

மருந்துச் சீட்டு என்பது மிகையில்லை. ராய்ஸ் மூன்று கேள்வி கேட்பார். உன் எடை என்ன? முழங்கால் எப்படி இருக்கிறது? தனியாகப் போவாயா, துணையோடு போவாயா? பதிலைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு மோட்டார் எத்தனை சதவீதம் உதவ வேண்டும், ஏற்றத்தில் எவ்வளவு, சமவெளியில் எவ்வளவு, மோட்டாரில் எந்த வெர்ஷன் மென்பொருள் இருக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் செருகுகிற கூடுதல் பாட்டில் பேட்டரி தேவையா என்று ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுப்பார். காட்டில் மரம் இழுக்கும் எந்திரங்களை முப்பது வருஷம் பழுது பார்த்தவர். அறுபத்து மூன்று வயதில், வலது முழங்காலைத் திறந்து மூடிய பிறகு, அந்த அறிவு முழுவதும் இந்தச் சின்ன மோட்டாரின் மேல் இறங்கிவிட்டது. மோட்டாருக்கு அது தாங்குமா என்பது வேறு விஷயம்.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான்: எடை எதிரி. சுமை குறைந்தால் சின்ன பேட்டரி போதும், பேட்டரி சின்னதானால் சுமை இன்னும் குறையும். கொட்டகை உத்தரத்தில் ஒரு மீன் தராசு தொங்கும். சுவரில் ஒரு கரும்பலகை. சைக்கிளின் ஒவ்வொரு உறுப்பும் எத்தனை கிராம் என்று சாக்குக்கட்டியால் அதில் எழுதியிருக்கும். சக்கரத்து வால்வு மூடி இரண்டும் சேர்ந்து இரண்டு கிராம், தூக்கிப் போட்டாயிற்று. கைப்பிடிக் குழாயில் இரு பக்கமும் ஒரு விரற்கடை அறுத்தாயிற்று. மலைக்குடிலில் தங்கப் போனால் கொண்டுபோகும் பல்துலக்கிக்குக்கூடப் பாதிக் காம்புதான் உண்டு. தண்ணீர் பாட்டில் கிடையாது. தாகம் எடுத்தால், பின்னால் வரும் மனைவி கிளெனிஸின் முதுகுப்பையிலிருந்து நீளும் குழாயில் "ஒரே ஒரு வாய்" குடித்துக்கொள்வார். பலகையின் அடியில் கொட்டை எழுத்தில் மொத்தம்: 16.9 கிலோ. விருந்தாளிகளுக்கு டீ கொடுப்பதற்கு முன் இதைக் காட்டுவார்.

கிளெனிஸிடமும் அதே சைக்கிள்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரே நாளில் ஜோடியாக வாங்கியது, நிறம்கூட ஒன்றே. ஆனால் கிளெனிஸ் எதையும் அறுக்கவில்லை. மோட்டாரை மிகக் குறைந்த உதவியில் வைத்து, பறவைகளைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் வந்து சேருவார். ராய்ஸ் எழுதிக் கொடுத்த அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தார். அதோடு அந்த அட்டையின் வேலை முடிந்தது.

வியாழக்கிழமைதோறும் நாலு பேர் சேர்ந்து மலையேறுவார்கள்: ராய்ஸ், கிளெனிஸ், பெட்ரா, பால்பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட டாரல். நாலு பேருக்கும் ஒரு சட்டம் உண்டு. பாதி வழியில் எவருடைய பேட்டரி சாகிறதோ, அவர் டாரலின் செத்துப்போன மாடு மேவிஸின் கழுத்துமணியைத் தன் சைக்கிளில் கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பேட்டரி சாகும்வரை அவிழ்க்கக் கூடாது. மணி அறுநூற்று நாற்பது கிராம். ஒவ்வொரு கல்லிலும் டணார் டணாரென்று ஊரைக் கூட்டும். பெட்ரா கட்டியிருக்கிறார். டாரல் நாலு முறை கட்டியிருக்கிறார், நவம்பரிலிருந்து மணி அவரிடம்தான். ராய்ஸ் ஒருநாளும் கட்டியதில்லை. அந்த மணி தன் கைப்பிடியில் ஏறினால் அப்புறம் டெர்பியில் எவன் தன்னிடம் வந்து கண்ணை மூடச் சொல்வான் என்பது அவருடைய ஒரே பயம்.

இப்படியிருக்க, மோட்டார் கம்பெனி புது மென்பொருளை வெளியிட்டது. ஏற்றத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடுமாம். ஒருமுறை ஏற்றினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாது. ஊரில் எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள். ராய்ஸ் மட்டும் மறுத்தார், கிளெனிஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஓடுற எஞ்சின்ல கை வைக்கிறவன் மெக்கானிக் இல்ல. பழைய வெர்ஷனுக்கு என் கால் என்ன நினைக்குதுன்னே தெரியும்" என்றார்.

"உன் கால் வலிக்குதுன்னு நினைக்குது. அதைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதுக்கு?" என்றார் கிளெனிஸ்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை வருஷாந்திரப் பெரிய சுற்று. ஊரிலிருந்து காட்டு வழியாக மலைமுகடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பழைய மதுவிடுதியில் மதியச் சாப்பாடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, செங்குத்தான ஏற்றம் ஒன்றில் ராய்ஸ் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் மணிச்சத்தம் கேட்டது. டாரல். இருபத்துநாலு கிலோ சைக்கிள், நூற்றெட்டு கிலோ ஆள், அறுநூற்று நாற்பது கிராம் மணி. ஒரு கை கைப்பிடியில். இன்னொரு கையில் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம், பாதி தின்றது.

"என்ன ராய்ஸ், சங்கிலி கழண்டுடுச்சா?" என்றார் டாரல், வாயில் மசாலாவோடு.

"இல்லையே."

"அப்படியா. நிக்கிற மாதிரி தெரிஞ்சுது, அதான் கேட்டேன்."

பலகாரம் தின்றுகொண்டே ஒருவன் தன்னைத் தாண்டிப் போனதை ராய்ஸால் செரிக்க முடியவில்லை. கொள்கை என்பது தோற்காத வரைக்கும்தானே. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளெனிஸ் தோட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்துப் புது மென்பொருளை ஏற்றினார். நடுவில் திரை ஒரு கேள்வி கேட்டது: இந்த சைக்கிளோடு பயன்படுத்தும் வேறு பேட்டரி உண்டா? உண்டென்றால் அதையும் இப்போதே செருகவும்.

ராய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கிலோ நூறு கிராம் எடையுள்ள பாட்டில் பேட்டரியை வாங்கிய மாதமே ஒதுக்கிவைத்துவிட்டவர் அவர். அது மழைக்கோட்டுகளுக்குக் கீழே எங்கோ கிடக்கும். "இல்லை" என்று அழுத்தினார். ஊருக்கெல்லாம் "எல்லா பேட்டரியையும் செருகிட்டு அப்டேட் பண்ணு" என்று அட்டை எழுதிக் கொடுத்த அதே விரல்தான் அது.

சனிக்கிழமை காலை முதல் ஏற்றத்திலேயே டாரல் பின்தங்கினார். ராய்ஸ் பறந்தார். மோட்டார் உதைத்த உதையில் இருபது வயது குறைந்துவிட்டது போலிருந்தது. பெட்ரா மூச்சிரைக்க, "என்ன சாப்பிட்டீங்க இன்னைக்கு?" என்று கேட்டதற்கு, "கஞ்சிதான்" என்று கூசாமல் சொன்னார். பழைய மென்பொருள் சிக்கனக்காரி, புதியது கல்யாண வீட்டுச் சமையல்காரி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. முகட்டுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது திரையைப் பார்த்தார். பதினொரு சதவீதம். உதவியைக் குறைத்தார். கொள்ளி வைத்த பிறகு குடம் உடைத்து என்ன பயன்? மற்ற இருவரையும், "நீங்க முன்னால போங்க, நான் கிளெனிஸுக்காக நிக்கிறேன்" என்று அனுப்பிவைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் கிளெனிஸுக்காக நின்றதேயில்லை என்பதால் டாரல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

முகட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கீழே, மரம்போல் வளர்ந்த பெரணிகளுக்கு நடுவே, மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மிதிக்க முடியாத ஏற்றம். ராய்ஸ் இறங்கித் தள்ளினார். இருநூறு அடி போனதும் நின்று, காலுறையில் ஏறியிருந்த அட்டைப்பூச்சியைப் பிய்த்துப் போட்டார். காதில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. டாரல் அரை மைல் தள்ளிப் போய்விட்டார் என்பதால் அது மனசுக்குள் ஒலித்த மணிதான்.

கிளெனிஸ் வந்து சேர்ந்தார். சைக்கிளையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். முதுகுப்பையை இறக்கி, அடியிலிருந்து ஒரு துண்டில் சுற்றிய பொருளை எடுத்து நீட்டினார். பாட்டில் பேட்டரி.

"இது கொட்டகையில இல்ல இருக்கு?" என்றார் ராய்ஸ்.

"மூணு வருஷமா என் பையில இருக்கு."

"செத்துப் போயிருக்குமே."

"புதன்கிழமை நீ செய்தி பார்க்கிறப்போ துணி துவைக்கிற மெஷின் பக்கத்துல வச்சு சார்ஜ் போடுவேன். செருகு, நேரமாகுது."

ராய்ஸின் கண்கள் பனித்தன. பிழைத்தோம் என்று செருகினார். சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னி அணைந்தது. மறுபடி செருகினார். மறுபடி சிவப்பு. மோட்டார் புதுசு, பாட்டில் பழசு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சேர்த்துவைக்க இணையம் வேண்டும், அந்தக் காட்டில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை, சாத்திய கதவு, "இல்லை" என்ற பொத்தான், எல்லாவற்றையும் சொன்னார்.

கிளெனிஸ் மரத்தில் சாய்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அப்புறம், "என் சைக்கிள்ல பழைய வெர்ஷன்தானே, அதுல வேலை செய்யும்" என்றார். செருகிப் பார்த்தார்கள். பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது.

"எடுத்துக்கிட்டுப் போ. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, சீட்டை மட்டும் மாத்திப் போட்டுட்டா அவங்களுக்குத் தெரியாது. நான் உன்னோடதைத் தள்ளிட்டு வரேன். எப்பவும் நான்தானே கடைசி, யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

ராய்ஸ் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். மணி இல்லை, மானம் உண்டு, கொட்டகைக்கு ஆட்கள் வருவார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்து, அதற்குள் கிளெனிஸுக்கு உதவியாகக் கீழே கிடந்த பையைத் தூக்கிக் கொடுக்கலாமென்று குனிந்தார்.

பை வரவில்லை. அதாவது, அவர் நினைத்த சுலபத்தில் வரவில்லை. திருகாணியைக் கையில் வைத்தே கிராம் சொல்கிற மனிதர், பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திறந்து பார்த்தார். அவர் ஒரே ஒரு வாய் குடிக்கிற தண்ணீர். அவருடைய முழங்கால் பட்டை. அவர் எடை என்று வேண்டாமென்ற பம்பும் டியூபும். அவருடைய மழைக்கோட்டு. அவருக்குப் பிடித்த சீஸ் சாண்ட்விச். கிளெனிஸுடைய பொருள் என்று பறவை பார்க்கும் தொலைநோக்கி மட்டும் இருந்தது, அதையும் தன் கழுத்தில் மாட்டுவதுதான் வழக்கம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ராய்ஸுக்கு மனைவியின் முதுகும் தெரியாமல் இருந்திருக்கிறது.

"ஏன் கிளென் இதை என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இதையும் எங்கேயாவது அறுத்து லேசாக்கியிருப்ப."

ராய்ஸுக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு வெட்கம் அவருக்கு வந்ததில்லை. தொலைநோக்கியை எடுத்து கிளெனிஸின் கழுத்தில் மாட்டிவிட்டு, பையைத் தன் தோளில் போட்டு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"நீ போ. மோட்டாரை முழு வேகத்துல வை. அந்தப் பொத்தானை நீ இதுவரை தொட்டதே இல்லை."

"எந்தப் பொத்தான்?" என்றார் கிளெனிஸ்.

அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேனே என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டு, ராய்ஸ் பொத்தானைக் காட்டினார். கிளெனிஸ் ஒரு கத்து கத்திவிட்டு வளைவில் மறைந்தார். இறக்கத்தில் டாரலை அவர் தாண்டிப் போன கதையை டாரலின் வாயாலேயே கேட்க வேண்டும், கேட்டால் சொல்ல மாட்டார்.

ராய்ஸ் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. கிளெனிஸ் இரண்டாவது பீரில் இருந்தார். டாரல் மணியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார், நவம்பரிலிருந்து காத்திருந்த முகம்.

"மோட்டார் கோளாறுன்னு சொல்லு ராய்ஸ், நம்பறோம்" என்றார்.

"கோளாறு மோட்டார்ல இல்ல" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை அவர் பக்கம் திருப்பினார் ராய்ஸ். "கட்டு."

அன்று சாயங்காலம் கொட்டகையில் மீன் தராசில் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பாட்டில் பேட்டரியையும் திரும்ப உள்ளே வைத்து, குடித்த தண்ணீரை ரொப்பி, நியாயமாக நிறுத்தார். நாலு புள்ளி மூன்று. சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் வால்வு மூடிக்குக் கீழே, "கிளெனிஸ் சுமந்தது: 4.3" என்று எழுதினார். பழைய மொத்தத்தை உள்ளங்கையால் அழித்தார்.

மருந்துச் சீட்டுக்கு ஆட்கள் இப்போதும் வருகிறார்கள், முன்பைவிட அதிகமாகவே. மணியைப் பார்க்கும் சாக்கில் வருகிறவர்களும் அதில் உண்டு. சைக்கிள் எவ்வளவு எடை என்று கேட்டால், ராய்ஸ் முதுகுப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டே, "இருபத்தொண்ணு புள்ளி ரெண்டு. முன்னாடியும் அவ்வளவுதான்" என்கிறார்.