பன்னிரண்டாம் நம்பர் வீட்டுத் தூக்கு

நேற்றுக் காலை வீட்டில் புது அரிசி மூட்டை பிரித்தோம். 'பிரித்தோம்' என்று பன்மையில் சொல்வது என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. வழக்கம்போல நான் நூலின் தப்பான முனையைப் பிடித்து இழுக்க, அது சிக்கிக்கொள்ள, நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து ஒரே இழுப்பில் சர்ரென்று உருவிவிட்டாள். குப்பென்று ஒரு தவிட்டு வாசனை வந்தது பாருங்கள், நான் நினைப்பில் செக்காலைப் பகுதியிலிருந்த திலகம் அக்காவின் தையல் கடைக்குள் போய் நின்றுவிட்டேன்.

திலகம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சரியான முனையைப் பிடிப்பார். நூலோடு பிழைத்தவர் ஆயிற்றே. ஊரடங்கில் ஜாக்கெட் தைக்க ஆள் வரவில்லை. மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடை கடையாகப் போய் அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கி, அடுப்பெரியாத வீடுகளுக்கு வாராவாரம் அனுப்ப ஆரம்பித்தார். நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையும் மூடிக் கிடந்தது. என்னிடம் ஓட்டை மொபெட் ஒன்றும் நல்ல கையெழுத்தும் இருந்தன. அக்கா இரண்டையும் எடுத்துக்கொண்டார். வீடுகளின் பட்டியல் என் பொறுப்பு. நோட்டும் சிவப்புப் பேனாவும் கைக்கு வந்த மறுநாளே எனக்குத் தாசில்தார் நினைப்பு வந்துவிட்டது.

பைகள் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்திலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகளை இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பரை எழுதினோம். நிறைந்த தூக்கை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு, அங்கே தொங்கும் காலித் தூக்கை எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. தொற்றுப் பயத்தில் யாரும் யாரோடும் நின்று பேசாத நாட்கள் அவை.

பன்னிரண்டாம் நம்பர், கண்ணாத்தா அக்கா வீடு. அவரும் செல்லையா அண்ணனும் பிள்ளையார்பட்டியில் அர்ச்சனைத் தட்டுக் கடை போட்டிருந்தவர்கள். கோயில் நடை சாத்தியதும் பிழைப்பும் சாத்திக்கொண்டது. அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் சும்மா கிடைத்தது. சோறு அப்படிக் கிடைக்கவில்லை.

அந்த வீட்டுத் தூக்கு மட்டும் ஒருபோதும் காலியாகத் திரும்பாது. முதல் வாரம் ஒரு கை சுண்டைவத்தல் இருந்தது. அடுத்த வாரம் கொல்லையில் காய்த்த இரண்டு எலுமிச்சை. மூன்றாம் வாரம் திறந்தால் அரிசி. நாங்கள் கொடுத்த அதே அரிசி, இரண்டு கை.

அன்றைக்கு மூட்டைகள் குறைவாக வந்திருந்தன. கல்லல் பக்கமிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஒரு கொத்தனார் குடும்பம் கைக்குழந்தையோடு கடை வாசலில் நின்றது. ஒரு வீட்டை எடுத்தால்தான் இன்னொரு வீட்டைச் சேர்க்கலாம். நான் பன்னிரண்டைச் சிவப்பில் அடித்தேன்.

"மிச்சமாகி அரிசியைத் திருப்பி அனுப்புறாகக்கா."

"எதுக்கும் ஒரு எட்டு அங்குட்டுப் போயிக் கேட்டுட்டு வந்துருங்க தம்பி" என்றார் திலகம் அக்கா.

"இதுல கேக்க என்னக்கா இருக்கு?" என்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் போனபோது கண்ணாத்தா அக்கா கேட்டருகில் நின்றிருந்தார். நான் ஹாரன் அடித்துக் கையாட்டினேன். அவரும் கையாட்டினார். நான் நிறுத்தாமல் பதினாலாம் நம்பருக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த வாரம் அவர் கேட்டில் இல்லை. மொபெட்டை நிறுத்திக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பலமாகத் தட்டியதும் அக்கா கதவைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே உள்ளே ஓடினார்.

செல்லையா அண்ணன் தரையில் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தும் ஆளைத் தெரியவில்லை.

"பஸ்ஸு வந்துருச்சு... தட்டை எடுத்து வையி" என்று குழறினார்.

"காலைல ஊசி போட்டுக்கிட்டாரு தம்பி. கஞ்சித்தண்ணிதான் குடிச்சாரு, சர்க்கரை எறங்கிப்போச்சு. வீட்டுல ஒரு பொட்டுச் சீனி இல்ல!"

ஓடினேன். அடுத்த வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஜன்னல் திறந்து, என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. "சீனி! சீனி குடுங்க, ஆள் போயிரும்!" என்று தெருவே அதிரக் கத்தினேன். எதிர் வீட்டுக் கதவு இடுக்கில் ஒரு கை வந்து டப்பாவை வாசலில் வைத்துவிட்டு மறைந்தது. அது யாருடைய கை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

அக்கா சீனியைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பியா? எப்ப வந்தீக? கண்ணாத்தா, தம்பிக்குக் காப்பி போடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவிடம், "அரிசி திரும்பி வந்துச்சேக்கா, மிச்சம்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது. "வெறும் ஏனத்தையா திருப்பிக் குடுப்பாக? வேற ஒண்ணும் இல்ல தம்பி, அதான் அரிசியைப் போட்டேன்."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை சீனியாவது போட்டுத்தான் அம்மா என்னிடம் கொடுத்தனுப்புவார். பட்டியல் கையில் இருந்ததால் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

அன்று மாலையே பன்னிரண்டை மறுபடி எழுதினேன். கொத்தனார் குடும்பத்துக்குத் திலகம் அக்கா எங்கோ போய் இன்னொரு மூட்டை புரட்டினார். அடுத்த வாரம் கண்ணாத்தா அக்கா வீட்டுத் தூக்கு காலியாக வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. எதையாவது போட்டு அனுப்பினால் மறுபடி அடித்துவிடுவேன் என்று அவர் பயந்துவிட்டார்.

நடை திறந்தது, பஸ்கள் வந்தன. திலகம் அக்கா மகளோடு திருப்பூர் போய்விட்டார். அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பிள்ளையார்பட்டிக் கடை நன்றாக ஓடுகிறது. அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். கண்ணாத்தா அக்காவுக்கு இன்று ஒரு குறையும் இல்லை.

போன தீபாவளிக்கு என் மனைவி அவர்கள் வீட்டுக்கு ஒரு சம்படம் நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினாள். மறுநாளே சம்படம் திரும்பி வந்தது. பளிச்சென்று துலக்கி, ஈரம் போகத் துடைத்து, காலியாக.