உச்சியக்காவின் உருண்டைகள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் அவளை உச்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கோபுரம் மாதிரி நிற்கும் கிரேனின் உச்சியில், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற ஒரு கண்ணாடிக் கூண்டு. அதுதான் அவள் ஆபீஸ். காலையில் ஏணி ஏறிப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவாள். நடுவில் பசித்தால் இறங்கி ஏற யாருக்குக் கால் இருக்கிறது? அதனால் பையில் எப்போதும் க்ரீம் பிஸ்கட் இருக்கும். வயிறு கூப்பிட்டால் இரண்டு, அலுப்பு தட்டினால் நாலு, காற்று பலமாக அடித்து வேலை நின்றுபோனால் பாக்கெட்டே காலி.

கம்பெனி நடத்திய உடல் பரிசோதனையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சர்க்கரை வாசல் வரைக்கும் வந்து நிக்குதும்மா. இன்னும் உள்ள வரல."

"வந்துட்டா என்னைய மேல ஏற விடுவாங்களா?"

"யோசிச்சுத்தான் விடுவாங்க."

இந்த வேலைக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பொம்பளைக்கு எதுக்கு கிரேன் என்று கேட்காத வாய் இல்லை. "பிஸ்கட்டை விட்டுட்டா வேற என்ன திங்கிறது டாக்டர்? மேல ஒரு கைதான் சும்மா இருக்கும்" என்றாள். பாதாம், வால்நட், முந்திரி மாதிரி கொட்டைகளை நிறையவும் உலர்ந்த பழங்களைக் கொஞ்சமாகவும் சேர்த்துச் சின்னதாக உருட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. "பழத்துலயும் இனிப்பு இருக்கு. ஒண்ணு ரெண்டோட கையைக் கட்டிக்கணும்."

அடுப்பே வேண்டாத சமையல்தானே என்று ஞாயிற்றுக்கிழமை அலட்சியமாக இறங்கினாள். எல்லாவற்றையும் மொத்தமாக மிக்ஸியில் கொட்டிச் சுற்றியதும் பேரீச்சை பிளேடைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. மோட்டார் முனகி, கருகல் வாசனை வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன, மிக்ஸிக்கும் சேர்த்து வைத்தியம் பாக்கணுமா?"

"வாயைக் குறைச்சுட்டு இந்த ஜாரைப் பிடிங்க."

அடுத்த முறை பழத்தை வெந்நீரில் ஊறப்போட்டாள். அரைபடுவதெல்லாம் நன்றாகத்தான் அரைபட்டது. ஆனால் கூண்டுக்குள் போய்ச் சாப்பிட்டதும் விரலெல்லாம் பிசுபிசுத்து, லீவர் கையோடு வந்துவிடும் போலிருந்தது. மறுநாள் பார்த்தால் கூண்டுக்குள் எறும்பு வரிசை. இவ்வளவு உயரம் இதுகள் எப்படி ஏறின என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள்.

பிறகுதான் பக்குவம் பிடிபட்டது. கொட்டைகளை முதலில் கொரகொரப்பாகப் பொடித்துத் தனியே எடுத்துவிட வேண்டும். பேரீச்சையையும் அத்திப்பழத்தையும் ஊறவைக்காமல், கத்தியில் எண்ணெய் தடவிப் பொடியாக நறுக்க வேண்டும். பின் இரண்டையும் கையாலேயே அழுத்திப் பிசைந்தால், உள்ளங்கைச் சூட்டில் பழம் இளகிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் வறுத்த எள்ளில் ஒரு புரட்டு. விரலில் ஒட்டாது, லீவரிலும் ஒட்டாது.

டப்பா நிறையச் செய்து வேலை இடத்துக்குக் கொண்டுபோனாள். கம்பி கட்டுகிறவர்கள் ஆளுக்கு இரண்டாக அள்ளினார்கள். விசில் மட்டும் தொடவில்லை.

விசில் என்பது கீழே நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்லும் ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அந்தப் பெயர். மேலிருந்து பார்த்தால் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாதி நேரம் அவளுக்குத் தெரியாது. அவன் கண்தான் அவள் கண். "வேணாம்க்கா" என்று முதல் நாள் சொன்னான். மறுநாளும் அதையே சொன்னான். சரி, பிடிக்கவில்லை போல என்று விட்டிருப்பாள். ஆனால் சாயங்காலம் அவள் இறங்கிவந்து சார்ஜ் போடத் தன் வாக்கி டாக்கியைக் கொடுத்தபோது, அவன் அதைத் துணியால் பிடித்து வாங்கி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததைப் பார்த்துவிட்டாள். தினமும் துடைத்தான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்குப்பின் பேச்சு சுருங்கிப்போனது. முன்பெல்லாம் பாரம் ஏறி இறங்குவதற்குள் ஊர்க்கதை ஒன்று முடிந்துவிடும். இப்போது அவன் "இடது பக்கம், மெதுவா" என்றால் அவள் "சரி" என்பாள். அவ்வளவுதான்.

மனசில் வைத்துப் புழுங்குவது அவளுக்கு ஒத்துவராது. ஒரு மத்தியானம் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நேராவே கேக்குறேன். நான் தொட்டதைத் துடைக்கிற அளவுக்கு என் கை உனக்கு என்ன பண்ணுச்சு?"

அவன் முகம் தொங்கிப்போனது. "ஐயோ அக்கா, அது இல்ல. எனக்குக் கொட்டை வகை ஆகாது. முந்திரி, பாதாம், எது பட்டாலும் தொண்டை அடைச்சுக்கும். கல்யாணம் ஆன புதுசுல மாமியார் வீட்டு விருந்துல ஏதோ ஒரு இனிப்பு சாப்பிட்டேன். மூஞ்சி வீங்கி, மாப்பிள்ளை யாருன்னே அவங்களுக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில கண் முழிச்சேன்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"இங்க சொன்னா விடுவாங்களா? முந்திரிக்குப் பயந்தவன்னு பேரு வச்சுருவாங்க."

முந்திரி தின்ற விரலோடு தினமும் அந்தக் கருவியை அவன் கையில் கொடுத்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "நான் உன்னைக் கொன்னுருப்பேனேடா" என்றாள். அதுவரை அவனை அவள் 'டா' போட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுச் சமையலறையைக் கணவரால் அடையாளம் காண முடியவில்லை. மிக்ஸியை மூட்டைகட்டி மேலே வைத்துவிட்டாள். பலகை புதுசு, கத்தி புதுசு, பாத்திரம் புதுசு. "இது சமையலா, ஆபரேஷன் தியேட்டரா?" என்று வாசலிலேயே நின்றார். "அங்கேயே நில்லுங்க. நீங்க காலையில முந்திரி தின்னீங்க" என்றாள்.

பூசணி விதை, சூரியகாந்தி விதை, எள் எல்லாம் தனக்கு ஒத்துக்கொள்ளும் என்று விசில் சொல்லியிருந்தான். விதையும் பழமும் அவனே வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தான். கொட்டை புழங்காத இடத்தில் கட்டிய பாக்கெட்டுகளா என்று பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குவான். விதைகளைக் கத்தியால் கொத்திப் பிசைந்ததில் அவள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

திங்கட்கிழமை அவன் ஓர் உருண்டையை எடுத்து, ஓரத்தை மட்டும் கடித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தான். அவள் அவன் உதட்டையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா, மூஞ்சி நல்லாத்தான இருக்கு?"

"பேசாம இரு. மூச்சு விடுறியா?"

"விட்டுட்டுத்தான இருக்கேன்!" சிரித்தபடி மீதியை வாயில் போட்டான். "உப்பு ஒரு சிட்டிகை போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

"நக்கலு."

சிமெண்ட் மூட்டைப் பக்கம் பேசிய அன்றோடே வேலை இடத்துக்குக் கொட்டை உருண்டை வருவது நின்றிருந்தது. கம்பி கட்டுகிறவர்கள் முணுமுணுத்தபோது விசிலே காரணத்தைச் சொல்லிவிட்டான். யாரும் பெயர் வைக்கவில்லை. கூட்டத்திலேயே அதிகம் வாயடிக்கும் வெல்டர், "அப்படி ஆச்சுன்னா நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டார். விசில் தொண்டை அடைத்தால் உடனே போடுவதற்காக இடுப்புப் பையில் வைத்திருந்த, பேனா மாதிரியான ஊசியை எடுத்து, தொடையில் எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினான். வெல்டர் வெறும் கையால் இரண்டு தரம் செய்துபார்த்துக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் உச்சியக்காவின் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. கட்டடமும் முடிந்தது. கிரேனைப் பகுதி பகுதியாகக் கழற்றிய வாரத்தில், அடுத்த இடத்துக்கு யார் யார் என்று மேனேஜர் கேட்டார். "கீழ விசில் நின்னாத்தான் நான் மேல ஏறுவேன்" என்றாள் அவள். இருவரையும் ஒன்றாகவே அனுப்பினார்கள்.