ஒரு லயமே விளக்கை அணைத்த மாலை

இன்று சுங்கை பெசாரில் குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனேன். மின்சாரம் குறைவாக இழுக்கும் பெட்டியாகக் கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "ஒங்க ஒரு வீட்டுல மிச்சம் புடிச்சா என்னக்கா ஆயிடப்போவுது?"

எண்பதுகளில் நடந்த ஒன்றை அவரிடம் சொன்னேன்.

அப்போது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதுக்கும் ஒரே ஜெனரேட்டர்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவுக்குத் திடீரென்று பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. தோட்டத்து நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். விளக்கோ மங்கி மங்கி எரிந்தது. வீட்டுக்கு வீடு டிவியில் தமிழ்ப் படம். சில வீடுகளில் இஸ்திரிப் பெட்டி வேறு.

"வெளிச்சம் பத்தலம்மா, ஒண்ணும் தெரியல" என்றார் நர்ஸ்.

பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா வெளியே போய்க் குரல் கொடுத்தார். "இங்க புள்ள பொறக்கப்போவுது. எல்லாத்தையும் அடைச்சிருங்க லா."

படம் முடியப்போகும் கட்டம். யாரும் முணுமுணுக்கவில்லை. டிவி, இஸ்திரி, விளக்கு என்று வீடு வீடாக அணைத்தார்கள். எங்கள் வீட்டு விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

என் தம்பி அழும் சத்தம் கேட்கும்வரை மொத்த லயமும் இருட்டில் உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் அடுத்த வரிசைப் பக்கம் திரும்பினார். பிறகு, "வாங்கக்கா, ஸ்டார் நெறைய உள்ளத காட்டுறேன்" என்றார்.

அந்த லயத்தில் வளர்ந்தவள் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் திமிர் உண்டு.

ஒரே குறை, அந்தப் படம் எப்படி முடிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. உங்கள் தோட்டத்தில் யாராவது கடைசிவரை பார்த்தீர்களா?